விருந்தாளியா, அண்டைவீட்டாரா?

ஜப்பானிய நகரங்களில் நடைபெறும் அனைத்துலகப் பரிமாற்ற நிகழ்ச்சிகள் குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



ஜப்பானில் ஒரு நடுத்தர நகரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஒன்பதரை. நகராட்சி மண்டபத்தின் வாசலில் பல நாட்டுக் கொடிகள் கயிற்றில் ஆடுகின்றன. உள்ளே நுழைந்ததும் ஒரு நீள மேசை. அங்கே அமர்ந்திருக்கும் மூதாட்டி, வருவோரின் பெயரைக் கேட்டு ஜப்பானிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடுகிறார். ஒரு மூலையில் தேநீர்ச் சடங்கு. இன்னொரு மூலையில் வியட்நாமிய நூடல்ஸ். மேடையில் பிரேசில் நடனத்துக்கு ஒத்திகை. சேலை கட்டிய பெண் ஒருவர் வந்துவிட்டால் போதும், அவரைச் சுற்றிச் சிறு கூட்டம் கூடிவிடும். சேலையின் நீளம் எத்தனை, எப்படிக் கட்டுவது, குத்தூசி எங்கே குத்துவது என்று கேள்விமேல் கேள்வி.

மாலை மூன்று மணிக்கு நிகழ்ச்சி முடிகிறது. கைதட்டல், பிறகு குழுப்படம். அதற்குப் பின் நடப்பதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒரு பகுதியினர் படங்களைக் கைப்பேசியில் பார்த்தவாறே ரயில் நிலையத்தை நோக்கி நடக்கிறார்கள். மறு பகுதியினர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலிகளை மடக்கத் தொடங்குகிறார்கள். முதல் பகுதியினர் விருந்தாளிகள். இரண்டாம் பகுதியினர் அந்த ஊருக்கு அண்டைவீட்டார் ஆகத் தொடங்கிவிட்டவர்கள்.

நாற்காலி மடக்குவதில் அப்படி என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். உயிரைக் காக்கும் அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது. அதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

*எப்படித் தொடங்கியது?*

ஜப்பானியர் இந்நிகழ்ச்சிகளைக் "கொக்குசாய் கோரியூ" என்பார்கள். அனைத்துலகப் பரிமாற்றம் என்று பொருள். இதன் வேர் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இருக்கிறது. அணுகுண்டால் அழிந்த நாகசாக்கி நகரம், 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்துடன் சகோதர நகர உறவு பூண்டது. ஜப்பானிய நகரம் ஒன்று அமைத்துக்கொண்ட முதல் சகோதர நகர உறவு அதுதான். பத்தாண்டுகளுக்கு முன் எதிரிகளாக இருந்த இரு நாட்டு மக்கள், அரசாங்கங்களுக்குக் கீழே ஊருக்கு ஊர் கைகோத்த முயற்சி அது.

தென்கிழக்காசியாவுக்கு அந்த அலை 1974இல் வந்தது. தென்கிழக்காசிய இளையர் கப்பல் திட்டம் அவ்வாண்டில் தொடங்கியது. மலேசிய, சிங்கப்பூர் இளையர்கள் ஒரே கப்பலில் ஜப்பானியருடன் பயணம் செய்து, இறங்கிய ஊர்களில் குடும்பங்களோடு தங்கினார்கள். 1982இல் அன்றைய மலேசியப் பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்த கிழக்கை நோக்கும் கொள்கையின் வழியாக மலேசிய மாணவர்களும் பயிற்சியாளர்களும் ஜப்பான் சென்றார்கள். 1983இல் ஜப்பான், 100,000 வெளிநாட்டு மாணவர்களை ஈர்க்கும் இலக்கை அறிவித்தது.

1987இல் இன்னொரு பெரிய திட்டம். வெளிநாட்டு இளையர்களை அழைத்துப் பள்ளிகளில் மொழித் துணையாசிரியர்களாகவும் உள்ளாட்சி அலுவலகங்களில் ஒருங்கிணைப்பாளர்களாகவும் அமர்த்தும் "ஜெட்" திட்டம். முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தார்கள். அதுவரை வெளிநாட்டவரை நேரில் கண்டிராத எத்தனையோ சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பறையிலேயே ஒரு வெளிநாட்டவர் அறிமுகமானார். மாநிலங்களும் நகரங்களும் ஆளுக்கொரு அனைத்துலகப் பரிமாற்றச் சங்கத்தை அமைக்கும் போக்கும் அந்த ஆண்டுகளில்தான் வேகம் பிடித்தது.

ஆக, தொடக்கத்தில் இது விருந்தோம்பல். வருகிறவர் சில மாதமோ சில ஆண்டோ இருந்துவிட்டுப் போய்விடுவார். அதுவரை அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம். 1990ஆம் ஆண்டில் குடிநுழைவுச் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்தபோது நிலைமை மாறியது. முன்பு ஜப்பானிலிருந்து பிரேசிலுக்கும் பெருவுக்கும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வேலை தேடித் திரும்பி வந்தார்கள். ஹமாமத்சு போன்ற தொழில் நகரங்களிலும் குன்மா மாநிலத்தின் ஓய்சுமி நகரிலும் போர்ச்சுகீசிய மொழியில் கடைப் பலகைகள் எழுந்தன. அந்த விருந்தாளிகளில் பலர் திரும்பிப் போகவில்லை. வாடகைக்கு வீடு எடுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பள்ளியில் சேர்த்தார்கள். 1990இன் இறுதியில் ஏறத்தாழ 1.08 மில்லியனாக இருந்த வெளிநாட்டினர் எண்ணிக்கை, 2024இன் இறுதியில் 3.77 மில்லியனைத் தொட்டது.

*உணவு, உடை, விழா*

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. ஊரில் குடியிருப்பவரை ஆண்டுக்கு ஒருமுறை மேடையேற்றிக் கைதட்டினால் போதுமா?

ஜப்பானில் இத்துறையில் உழைப்பவர்களே இந்நிகழ்ச்சிகளை "மூன்று எஃப்" என்று குறை கூறுவதுண்டு. உணவு, உடை, விழா ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் எஃப் என்ற எழுத்தே முதலெழுத்து. சாப்பிட்டோம், உடுத்திப் பார்த்தோம், ஆடினோம், கலைந்தோம். மறுநாள் தெருவில் எதிரெதிரே வந்தால் அடையாளம் தெரிவதில்லை.

இந்தக் குறைகூறலில் உண்மை இருக்கிறது. ஜப்பானிய நீதி அமைச்சின் சார்பில் வெளிநாட்டுக் குடியிருப்பாளர்களிடையே எடுக்கப்பட்டு 2017இல் வெளியான கருத்தாய்வு ஒன்றைப் பார்ப்போம். முந்தைய ஐந்தாண்டுகளில் வீடு தேடியவர்களுள் 39.3 விழுக்காட்டினர், வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே வீடு மறுக்கப்பட்டதாகக் கூறினார்கள். பத்தில் நான்கு பேர்! ஞாயிற்றுக்கிழமை கிமோனோ உடுத்திப் படம் பிடித்துக்கொண்டவருக்குத் திங்கட்கிழமை "மன்னிக்கவும், வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்பதில்லை" என்ற பதில் கிடைக்கக்கூடும். முகத்தில் புன்னகை மாறாமல், தலைவணங்கியே அந்தப் பதில் சொல்லப்படும் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் உணவும் உடையும் வீண்தானா? அதுவும் சரியில்லை. மலேசியாவில் திறந்த இல்ல உபசரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வந்து முறுக்கும் கோழிக்கறியும் சாப்பிட்டுப் போகிறவர் எல்லாரும் உற்ற நண்பர் ஆகிவிடுவதில்லை. ஆனால், அந்த வீட்டு வாசலைத் தயக்கமின்றி மிதிக்கும் துணிவு அவருக்கு அன்றைக்குத்தான் வருகிறது. சாப்பாடு கதவைத் திறந்துவிடும். உள்ளே சென்று உட்காருவதும் உறவாவதும் அதற்குப் பிந்திய வேலை. அந்த வேலை ஏன் தேவை என்பதை ஜப்பான் ஒரு பெருந்துயரத்தில் கற்றுக்கொண்டது.

*கோபே கற்பித்த பாடம்*

1995 ஜனவரி 17. விடியற்காலை 5.46 மணிக்குக் கோபே நகரும் சுற்றுவட்டாரமும் குலுங்கின. அந்தப் பேரிடரில் 6,434 பேர் உயிரிழந்தார்கள்.

நிலநடுக்க மையத்துக்கு அருகே அவாஜி தீவில் ஹொக்குதான் என்றொரு சிற்றூர். அங்கும் வீடுகள் தரைமட்டமாயின. ஆனால் இடிபாடுகளில் சிக்கிய சுமார் 300 பேரை ஊர்மக்களும் தொண்டூழியத் தீயணைப்புப் படையினரும் அன்றே வெளியே எடுத்துவிட்டார்கள். எப்படி? எந்த வீட்டில் எத்தனை பேர், பாட்டி எந்த அறையில் உறங்குவார் என்பதெல்லாம் பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. தேடாமல் நேராகச் சென்று தோண்டினார்கள். கோபே நகரிலும் மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவை குடும்பத்தார், அக்கம்பக்கத்தார் கைகளே. தீயணைப்பு வண்டி எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வர முடியாது அல்லவா?

இப்போது கோபேயின் நாகத்தா வட்டாரத்துக்கு வருவோம். அங்கே காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்த வியட்நாமியரும் பல தலைமுறைகளாக வாழ்ந்த கொரியர்களும் இருந்தனர். தண்ணீர் எங்கே தருகிறார்கள், நிவாரணம் பெற எங்கே பதிய வேண்டும் என்ற அறிவிப்புகள் எல்லாம் ஜப்பானிய மொழியில். அதுவும் அலுவலக ஜப்பானியம். பேச்சுமொழி தெரிந்தவருக்கும் அது புரியாது. நிவாரண மையங்களில் இருக்க முடியாமல் பூங்காவில் கூடாரமிட்டுத் தங்கிய வியட்நாமியக் குடும்பங்கள் பல.

அச்சம் இன்னொரு பக்கம் இருந்தது. 1923ஆம் ஆண்டின் காந்தோ பெருநிலநடுக்கத்தின்போது, கொரியர்கள் கிணற்றில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற பொய்வதந்தி பரவி, கொரியர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். கோபேயில் வாழ்ந்த முதிய கொரியர்களுக்கு அந்த வரலாறு மறந்திருக்க வழியில்லை. முகம் தெரியாதவர்மீது பழி விழுவது எளிது. முகம் தெரிந்தவர்மீது அத்தனை எளிதாக விழாது.

நாகத்தாவில் நடந்தது வேறு. ஒரு கத்தோலிக்கத் தேவாலய வளாகம் தொண்டூழியர்களின் கூடமாயிற்று. கொரிய மொழியிலும் வியட்நாமிய மொழியிலும் சிறு வானொலிகள் அவசரமாகத் தொடங்கப்பட்டன. பின்னர் இரண்டும் ஒன்றாகி, 1996 ஜனவரி 17இல், அதாவது சரியாக ஓராண்டு நிறைவில், "எஃப்எம் வாய்வாய்" என்ற பன்மொழிச் சமூக வானொலி முறையாக உதித்தது. கூடாரத்தில் பிறந்த அந்த உறவு, கூடாரங்கள் அகன்ற பிறகும் நிலைத்தது.

*எளிய ஜப்பானியம்*

கோபே தந்த இன்னொரு பயன் "எளிய ஜப்பானியம்". ஆவோமோரி மாநிலத்தின் ஹிரோசாக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலாளர்கள் உள்ளிட்டோர் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு மொழியிலும் மொழிபெயர்க்க நேரமில்லாத அவசர வேளையில், ஓரளவு ஜப்பானியம் தெரிந்தவருக்கும் விளங்கும்படி பேசுவதே அதன் சாரம்.

சுனாமி எச்சரிக்கையில் வழக்கமாக "தக்கதாய்க்கு ஹினான் செய்யுங்கள்" என்பது போன்ற தொடர் வரும். மேட்டுநிலத்துக்கு இடம்பெயருங்கள் என்று பொருள். எளிய ஜப்பானியத்தில் அது "தக்காய் தொக்கொரோ எ நிகெத்தே குதாசாய்" ஆகிறது. உயரமான இடத்துக்கு ஓடுங்கள், அவ்வளவுதான். தமிழிலும் இதே வேறுபாடு உண்டு. "பாதுகாப்பான பகுதிகளுக்கு இடம்பெயருமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று படித்து முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். "மேட்டுக்கு ஓடுங்கள்" என்றால் குழந்தையும் ஓடும். 2020இல் ஜப்பானிய அரசாங்கமே எளிய ஜப்பானியத்துக்கான வழிகாட்டியை வெளியிட்டது.

இந்த எளிய மொழியைப் பழகும் களம் எது? ஞாயிற்றுக்கிழமைப் பரிமாற்ற நிகழ்ச்சிதான். அங்கே வந்து வெளிநாட்டவரோடு பேசிப் பழகிய நகராட்சி ஊழியருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் எந்தச் சொல் புரியும், எந்தச் சொல் புரியாது என்பது அனுபவத்தில் தெரிந்துவிடுகிறது. அதுபோலவே, அங்கு வந்துபோன வெளிநாட்டவருக்கு அவசர வேளையில் ஓடிச்செல்ல வேண்டிய பள்ளிக்கூடம் எது, யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. பல ஊர்களில் பரிமாற்ற நிகழ்ச்சியோடு பேரிடர்ப் பயிற்சியையும் சேர்த்துவிட்டதற்குக் காரணம் இதுதான். நிலநடுக்க வண்டியில் ஏறிக் குலுங்கிப் பார்ப்பது, தீயணைப்புக் கருவியை இயக்குவது, அவசரகாலச் சோற்றை வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் இன்று விழாவின் அங்கங்கள்.

*நாற்காலியை மடக்குவது யார்?*

தோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாநிலத்தின் கவாகுச்சி நகரில் ஷிபாசோனோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டை இருக்கிறது. 1978இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ 2,500 வீடுகள். காலப்போக்கில் ஜப்பானியர் முதியவர்களாகிவிட, புதிதாக வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் இளம் சீனக் குடும்பத்தினர். 2010ஆம் ஆண்டுகளில் குடியிருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டினர் ஆகிவிட்டார்கள்.

குப்பையைப் பிரித்துப் போடுவதில் சச்சரவு. இரவுச் சத்தத்தால் மனக்கசப்பு. பொது இடத்து மேசைகளில் சீனர்களை வெறுத்துக் கிறுக்கிய எழுத்துகள். கோடை விழாவிலும் ஒரு முறுகல் இருந்தது. பந்தல் போடுவதும் மேடை கட்டுவதும் ஜப்பானிய முதியவர்கள். வந்து மகிழ்கிறவர்களோ பெரும்பாலும் இளம் சீனக் குடும்பங்கள். "உழைப்பது நாங்கள், அனுபவிப்பது அவர்கள்" என்ற முணுமுணுப்பு எழுந்தது. விழாவே நடக்கிறது, எல்லாரும் வருகிறார்கள், ஆனாலும் பிளவு ஆழமாகிறது! கூட்டம் கூடுவது மட்டும் ஒற்றுமை ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அங்கே வந்து சேர்ந்த பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று, குடியிருப்பாளர் சங்கத்தோடு சேர்ந்து ஒரு சிறு வேலையை எடுத்துக்கொண்டது. வெறுப்பு எழுத்துகள் இருந்த மேசைகளுக்கு இரு நாட்டுக் குடியிருப்பாளர்களும் சேர்ந்து வண்ணம் பூசி, கையில் சாயம் தோய்த்து அச்சுப் பதித்தார்கள். கிறுக்கல் இருந்த இடத்தில் பல வண்ணக் கைத்தடங்கள். பார்ப்பதற்குச் சிறு செயல்தான். ஆனால் அன்றைக்கு ஆடுபவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர் என்று இருக்கவில்லை. எல்லார் கையிலும் சாயம் இருந்தது.

*கலந்துகொள்வோர் கவனத்துக்கு*

படிக்கவோ வேலைக்கோ ஜப்பான் செல்லும் இளையர்கள் இந்நிகழ்ச்சிகளை எங்கே கண்டுபிடிப்பது? நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதியச் செல்லும்போதே அனைத்துலகப் பரிமாற்றச் சங்கத்தின் விவரத்தைக் கேட்டுவிடலாம். "கோமின்கான்" எனப்படும் பொது மண்டபத்திலும் தகவல் கிடைக்கும். நம் ஊர்ச் சமூக மன்றத்துக்கு அது ஈடு எனலாம். தொண்டூழியர்கள் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்பு பல இடங்களில் இலவசம், அல்லது கட்டணம் மிகக் குறைவு. மொழியைக் காட்டிலும் அங்கே கிடைக்கும் பழக்கம் பெரிது.

முன்பதிவு முக்கியம். பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பதை ஜப்பானியர் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பதுக்கு அங்கே இருக்க வேண்டும். காலணியைக் கழற்ற வேண்டிய இடம் அதிகம். கிழிந்த காலுறை அன்றைக்கு வேண்டாம்.

உணவுக் கூடம் போட விரும்புவோருக்கு ஒரு செய்தி. வீட்டில் முந்தைய நாளே பானை பானையாகச் சமைத்து எடுத்துச் செல்லும் பழக்கம் அங்கே பொதுவாகச் செல்லாது. ஏற்பாட்டாளர்கள் வட்டாரப் பொதுச் சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்த இடத்திலேயே சமைப்பது, பரிமாறும் முன் நன்றாகச் சூடாக்குவது போன்ற விதிகள் உண்டு. தேங்காய்ச் சட்டினிக்கும் தயிர்ப் பச்சடிக்கும் அனுமதி கிடைக்காமல் போகலாம். சுடச்சுட உளுந்து வடைக்கு வாய்ப்பு அதிகம்.

தமிழ் இளையர்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. பெயர் அட்டையில் மலேசியா என்று இருக்கும். உருவத்தைப் பார்த்து "நமஸ்தே" என்பார்கள். சிங்கப்பூர் என்று இருந்தால் "சீன மொழி பேசுவீர்களா?" என்பார்கள். எரிச்சல் வேண்டாம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களையும், ஒரே வகுப்பறையில் மலாய், சீனம், தமிழ் பேசும் பிள்ளைகள் அமர்ந்திருப்பதையும், சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளையும் எளிய ஜப்பானியத்தில் சொல்லத் தெரிந்தால், அந்த ஐந்து நிமிடம் நூறு நடனங்களுக்குச் சமம். பரிமாற்றச் சங்கங்கள் வெளிநாட்டவரைத் தொடக்கப்பள்ளிகளுக்கு அழைத்துச் செல்வதுண்டு. அங்கே பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் இது நிச்சயம் வரும். தன் நாட்டைப் பற்றித் தானே தெரிந்துவைத்திருப்பது எத்தனை குறைவு என்பது பலருக்கும் அந்த வகுப்பறையில்தான் உறைக்கும்.

இறுதியாக, முடிந்ததும் ஓடிவிடக் கூடாது. "அத்தோ கத்தாசுக்கே" என்று ஜப்பானியர் சொல்லும் பிந்திய துப்புரவு வேலையில் சேர்ந்துகொள்ளுங்கள். மேசை துடைக்கும்போதும் குப்பை பிரிக்கும்போதும் மேடைப்பேச்சு இராது. மனம்விட்ட பேச்சு இருக்கும். "எங்கே குடியிருக்கிறீர்கள்? அடடா, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவா?" என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கும். வீடு தேடும்போது பரிந்து பேச ஒருவர் கிடைப்பதும், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு வழிகாட்ட ஒருவர் கிடைப்பதும் அந்தக் கேள்வியிலிருந்துதான்.

*பேசுவதற்கும் ஓர் இடம்*

நாற்காலி மடக்கும் உரிமை வந்தால், நாற்காலியில் அமர்ந்து பேசும் உரிமையும் வர வேண்டும். இதை முதலில் உணர்ந்த நகரங்களுள் கவாசாக்கியும் ஒன்று. 1996இல் அது வெளிநாட்டுக் குடியிருப்பாளர் பேராளர் மன்றத்தைச் சட்டபூர்வமாக அமைத்தது. விண்ணப்பித்துத் தேர்வாகும் 26 பேர் வரை அதில் இரண்டாண்டுக்கு அமர்வார்கள். மன்றத்தின் பரிந்துரையை நகரத் தந்தை மதித்து நடக்க வேண்டும். வீடு மறுக்கப்படும் சிக்கலை இம்மன்றம் எழுப்பியது. வெளிநாட்டவர் என்பதற்காக வீடு மறுக்கலாகாது என்ற நெறியைக் கொண்ட வீடமைப்பு விதியை நகரம் 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. ஹமாமத்சு உள்ளிட்ட 13 நகரங்கள் 2001இல் ஒன்றுகூடி, வெளிநாட்டுப் பிள்ளைகளின் கல்வி, மருத்துவக் காப்புறுதி போன்றவற்றுக்கு மத்திய அரசாங்கத்தின் கவனத்தைக் கோரின. 2006இல் மத்திய அமைச்சே பல்பண்பாட்டுக் கூட்டுவாழ்வுக்கான திட்டத்தை வகுத்தது. விருந்தோம்பலாகத் தொடங்கியது மெல்ல மெல்லக் கூட்டுவாழ்வை நோக்கி நகர்ந்தது.

*எதிர்க்காற்று*

ஆனால் பாதை நேரானதன்று. 2025 ஆகஸ்டில், கிசாராசு, நாகாய், சாஞ்ஜோ, இமாபாரி ஆகிய நான்கு நகரங்களை நான்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குச் "சொந்த ஊர்" என்று பெயரளவில் இணைக்கும் பரிமாற்றத் திட்டம் ஒன்றை ஜப்பானிய அனைத்துலக ஒத்துழைப்பு அமைப்பு அறிவித்தது. ஊர்கள் ஆப்பிரிக்கருக்குக் கொடுக்கப்படப் போகின்றன, பெருங்குடியேற்றம் வரப்போகிறது என்ற பொய்த்தகவல் சமூக ஊடகங்களில் தீயாய்ப் பரவியது. நகராட்சி அலுவலகங்களில் எதிர்ப்புத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. செப்டம்பர் மாதமே திட்டம் மீட்டுக்கொள்ளப்பட்டது.

1923இல் வதந்தி வாய்வழியாகப் பரவியது. 2025இல் கைப்பேசி வழியாகப் பரவியது. கருவி மாறியதே தவிர, வதந்தி முளைக்கும் நிலம் மாறவில்லை. முகம் தெரியாமைதான் அந்த நிலம். அதற்கு மாற்று, சிறிய மண்டபங்களில் சத்தமில்லாமல் நடக்கும் அறிமுகங்களே. ஒரு நகரத்தின் அறிவிப்பை மிரட்டி நிறுத்திவிடலாம். "அடுத்த தெருவில் இருக்கும் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று ஒரு மூதாட்டி சொல்லும் சொல்லை யாரும் நிறுத்த முடியாது.

நேயர்களே, ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. தூரத்துச் சொந்தத்தைவிடப் பக்கத்து அந்நியர் மேல் என்பது அதன் கருத்து. கோபேயில் இடிபாட்டைத் தோண்டிய கைகள் அந்தப் பழமொழிக்குச் சாட்சி. பிள்ளைகளை ஜப்பானுக்கு அனுப்பிவைக்கும் பெற்றோர் பெட்டியில் மசாலாத்தூளும் ஊறுகாயும் வைப்பார்கள். அதோடு ஒரு வார்த்தையையும் வைத்தனுப்புவது நல்லது: "விழாவுக்குக் கூப்பிட்டால் போ. முடிந்ததும் இருந்து, நாற்காலியை மடக்கிவிட்டு வா."

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கும் நமக்கும் அந்த வார்த்தை பொருந்தும். நம் வட்டார விருந்தில் ஓரமாக நிற்கும் வங்காளதேச இளைஞரிடமும் மியன்மார் பெண்ணிடமும் ஒரு நாற்காலியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னால், அன்றைக்கு இங்கேயும் ஒரு பரிமாற்றம் நடந்ததாகப் பொருள்.